நெட்வொர்க் பூட் எந்த இடத்தில் நிற்கிறது? ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ரீ-இமேஜ் செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"ஏனுங்க சார், சிஸ்டம் நெட்வொர்க்குல பூட் ஆகமாட்டேங்குதுங்க" என்று பெருந்துறைக் கிளையிலிருந்து போன் வருகிறது. கோவையில் இருப்பவர் உடனே சர்வருக்குள் புகுந்து, நெட்வொர்க் பூட்டுக்குப் பதில் சொல்லும் மைக்ரோசாஃப்டின் டபிள்யூடிஎஸ் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறார். சில நேரம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே போன் மறுபடியும் வரும்.

கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கிலுள்ள சர்வரிலிருந்து எழுவதுதான் நெட்வொர்க் பூட் (பிஎக்ஸ்இ). ரீ-இமேஜ், அதாவது விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது, இதன் வழியாகத்தான். இதற்குள் ஆறேழு வேலைகள் வரிசையாக நடக்கின்றன. கேபிளில் லிங்க் வர வேண்டும். ஐபி கிடைக்க வேண்டும். பூட் ஃபைலின் பெயர் தெரிய வேண்டும். அந்த ஃபைல் இறங்க வேண்டும். வின்பிஇ (விண்டோஸை ஏற்ற உதவும் சிறு விண்டோஸ்) எழ வேண்டும். கடைசியாகப் பாலிசி (என்ன செய்ய வேண்டும் என்ற சர்வரின் உத்தரவு) வர வேண்டும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்பதால், நின்ற இடம் தெரிந்துவிட்டால் அதற்கு முன்னால் உள்ளவற்றை எல்லாம் தொடவே வேண்டியதில்லை. கீழே உள்ளதும் அதே வரிசைதான். கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும், நாம் இன்னும் எஸ்சிசிஎம் என்றே சொல்லும் கான்ஃபிகரேஷன் மேனேஜரையும் டபிள்யூடிஎஸ்ஸையும் வைத்து எழுதியது. ஃபாக் (இலவச இமேஜிங் மென்பொருள்) சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பேட்ச் கேபிள். ஐந்து போர்ட் உள்ள சாதாரண அன்மேனேஜ்டு (அமைப்பு எதுவும் இல்லாத) சுவிட்ச் ஒன்று. ஒயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) போட்ட ஒரு லேப்டாப். லேப்டாப்களை இமேஜ் செய்வதாக இருந்தால், அந்தந்தத் தயாரிப்பாளரே விற்கும் யூஎஸ்பி லேன் அடாப்டர். கடைத்தெருவில் கிடைக்கும் மலிவு அடாப்டர்களுக்கு விண்டோஸில் டிரைவர் இருக்கும்; ஆனால் லேப்டாப்பின் ஃபர்ம்வேருக்கு (பழைய பயாஸ் அல்லது புதிய யூஇஎஃப்ஐ) அதை அடையாளம் தெரியாது, பூட் மெனுவிலேயே வராது.

இவற்றோடு மூன்று தகவல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கம்ப்யூட்டரின் மேக் முகவரி (லேன் கார்டின் அடையாள எண்), அது செருகியிருக்கும் சுவிட்ச் போர்ட் எண், அந்த போர்ட்டின் விலான் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) எண். மூன்றும் இல்லாமல் நெட்வொர்க் டீமைக் கூப்பிட்டால் "எல்லாம் ஓகேதானுங்க" என்ற பதில்தான் வரும். அவர்கள் எதைப் பார்ப்பது?

நாளையும் பார்த்து எடுங்கள். திருப்பூர் பக்கம் சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் சிஸ்டத்தை வெள்ளி, சனியில் தொடாதீர்கள். மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நிறுத்தம் இருக்கும் நாளும் வேண்டாம். யூபிஎஸ் பாட்டரி இமேஜ் முடியும்வரை தாங்காமல் போனால், பாதி எழுதிய டிஸ்க்தான் மிஞ்சும்.

2. திரையின் கடைசி வரியைப் படியுங்கள்

எரர் வரி சில நொடிதான் தெரியும். கிளையில் இருப்பவரிடம் "என்ன வந்துச்சு?" என்று கேட்பதைவிட, பவர் பட்டனை அழுத்துவதிலிருந்து போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். எந்தக் கட்டத்தில் எத்தனை நொடி காத்திருந்தது என்பதும் தெரியும். அந்த நொடிக் கணக்கு பின்னால் உதவும்.

அடிக்கடி வருபவற்றின் பொருள் இது:

பிஎக்ஸ்இ-இ61: கேபிளோ லிங்கோ இல்லை. பகுதி 4.
பிஎக்ஸ்இ-இ51: டிஹெச்சிபி (ஐபி கொடுக்கும் சேவை) பதிலே வரவில்லை. பகுதி 5, 6.
பிஎக்ஸ்இ-இ52: பூட் சர்வர் பதில் தந்தது, டிஹெச்சிபி தரவில்லை. பகுதி 6.
பிஎக்ஸ்இ-இ53: ஐபி வந்தது, பூட் ஃபைலின் பெயர் வரவில்லை. பகுதி 7.
பிஎக்ஸ்இ-இ55: 4011 போர்ட்டில் கேட்டது, பதில் இல்லை. பகுதி 7.
பிஎக்ஸ்இ-இ32, இ18: சர்வரைக் கூப்பிட்டது, சர்வர் பதில் பேசவில்லை. பகுதி 7, 8.
பிஎக்ஸ்இ-இ23: சர்வர் பேசியது, ஃபைலைத் தரவில்லை. பகுதி 8.

இதில் பலரும் தடுமாறுவது யூஇஎஃப்ஐ மெஷின்களில் வரும் பிஎக்ஸ்இ-இ16. "செல்லுபடியாகும் ஆஃபர் (சர்வரின் பதில்) வரவில்லை" என்பது அதன் பொருள். ஐபியே வராவிட்டாலும் இதே எரர், ஐபி ஆஃபர் வந்து அதில் பூட் விவரம் இல்லாவிட்டாலும் இதே எரர். இ16 என்றதும் டிஹெச்சிபி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டில் எது என்று பிரிப்பது பகுதி 6-ல் இருக்கிறது.

3. ஃபர்ம்வேர் அமைப்பு

பூட் மெனுவில் நெட்வொர்க் என்ற வரியே இல்லையா? டெல் மெஷின்களில் யூஇஎஃப்ஐ நெட்வொர்க் ஸ்டேக் இயங்குகிறதா, உள்ளிருக்கும் லேன் கார்டு "பிஎக்ஸ்இயுடன்" என்ற தேர்வில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்பியில் நெட்வொர்க் பூட் தேர்வோடு ஃபாஸ்ட் பூட்டையும் பாருங்கள். அது இயங்கினால் யூஎஸ்பி, நெட்வொர்க் இரண்டையும் தாண்டிப் போய்விடலாம். லெனோவாவில் ஐபிவி4 நெட்வொர்க் ஸ்டேக் தனியாக இருக்கும். டெல், லெனோவா இரண்டிலும் எஃப்12 அழுத்தினால் பூட் மெனு. ஹெச்பியில் மெனுவுக்கு எஃப்9, நேராக நெட்வொர்க்குக்கு எஃப்12. ஏசரில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸுக்குள் போய் அனுமதிக்க வேண்டும்.

ஐபிவி6 பூட் மேலே இருந்தால் ஐபிவி4-ஐ அதற்கு மேலே ஏற்றுங்கள். நம் ஆபீஸ்களில் ஐபிவி6-க்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. அது காத்திருந்து காத்திருந்து தோற்ற பிறகுதான் ஐபிவி4-க்கு வரும். பார்ப்பவர் "ரொம்ப நேரமா ஒண்ணும் நடக்கலைங்க" என்று பவரை அணைத்துவிடுவார்.

லெகசி பயாஸ் முறையில் இருக்கும் பழைய மெஷினை விண்டோஸ் 11-க்குக் கொண்டுபோவதாக இருந்தால், இந்தக் கட்டத்திலேயே யூஇஎஃப்ஐக்கு மாற்றிவிடுங்கள். எந்த முறையில் பூட் ஆனதோ அந்த முறையில்தான் டிஸ்க்கும் பிரிக்கப்படும். இமேஜ் ஆன பிறகு மாற்றினால் சிஸ்டம் எழாது.

4. லிங்கும் கேபிளும்

லேன் சாக்கெட்டில் விளக்கு எரிகிறது என்பது மட்டும் போதாது. ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி இருந்தாலே போதும். ஒரு ஜோடி அறுந்த கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸில் சத்தமில்லாமல் ஓடும். டேலி, மெயில் எதற்கும் தெரியாது. 500 எம்பி பூட் இமேஜ் இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். சுவிட்சில் போர்ட் வேகத்தைப் பாருங்கள். ஜிகாபிட் கார்டு 100-ல் இணைந்திருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில் ஷெட்களில் இன்னொன்று: சாக்கெட்டுக்குள் பஞ்சுத் தூசி அடைத்துக்கொள்ளும். ஆர்ஜே45 பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஊதிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் துடைத்துப் பிறகு செருகுங்கள். ஷெட்டுக்குப் போகும் காப்பர் கேபிள் 100 மீட்டரைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். தாண்டினால் நடுவில் இன்னொரு சுவிட்ச் வைத்து ஒப்பேற்றாமல் ஃபைபர் இழுப்பதே சரி. வைஃபையில் இந்த வேலை நடக்காது. கேபிள் இல்லாத மேசைக்கு மெஷினைத் தூக்கிப் போகாதீர்கள்.

5. சுவிட்ச் போர்ட்: அதிகம் ஏமாற்றும் இடம்

அறிகுறி இப்படி இருக்கும். கேபிள் நன்றாக இருக்கிறது. அதே கேபிளை விண்டோஸ் ஓடும் லேப்டாப்பில் செருகினால் ஐபி வருகிறது. நெட்வொர்க் பூட் மட்டும் ஐபி இல்லை என்கிறது. புதியவர்கள் இங்கே லேன் கார்டு போய்விட்டது என்று மதர்போர்டு வரை போய்விடுவார்கள்.

காரணம் பெரும்பாலும் ஸ்பானிங் ட்ரீ. லிங்க் எழுந்ததும் சுவிட்ச் அந்த போர்ட்டை உடனே திறப்பதில்லை. லூப் (கேபிள் சுற்றி வந்து அதே நெட்வொர்க்கில் சேர்வது) ஏதும் இருக்கிறதா என்று 15 நொடி கேட்கிறது, இன்னும் 15 நொடி கற்றுக்கொள்கிறது. ஆக 30 நொடி கழித்துத்தான் பாக்கெட்டுகளை விடுகிறது. விண்டோஸ் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் என்பதால் அதற்கு ஐபி கிடைத்துவிடும். ஃபர்ம்வேர் சில முறை கேட்டுவிட்டு கைவிட்டுவிடும். வீடியோவில் நொடியை எண்ணச் சொன்னது இதற்காகத்தான்.

சோதிப்பது சுலபம். சுவர் சாக்கெட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அந்த அன்மேனேஜ்டு சுவிட்சைப் போடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனாலும் சுவர் பக்கத்து லிங்க் இறங்காது. அந்த போர்ட் ஏற்கெனவே திறந்தே இருக்கும். ஒரு நிமிடம் விட்டுப் பூட் செய்யுங்கள். இப்போது பூட் ஆகிவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் சுவிட்ச் போர்ட்டின் தாமதம்தான். சின்ன சுவிட்சை அங்கேயே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் செருகும் போர்ட்களில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடச் சொல்லுங்கள். சிஸ்கோ அல்லாத சுவிட்சுகளில் இதை எட்ஜ் போர்ட் என்பார்கள். கூடவே பிபிடியூ கார்டும் போடச் சொல்லுங்கள். யாராவது தெரியாமல் லூப் போட்டால் ஷெட் முழுக்க விழாமல் அந்த ஒரு போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும்.

இந்தத் தாமதம் முதல் கட்டத்தில் மட்டும் வருவதில்லை. ஃபர்ம்வேரிலிருந்து வின்பிஇக்குக் கைமாறும்போது லேன் கார்டு மறுபடி ரீசெட் ஆகும். மறுபடி 30 நொடி. எனவே பூட் இமேஜ் அழகாக இறங்கி, வின்பிஇ எழுந்த பிறகு நெட்வொர்க் இல்லை என்று நின்றாலும் போர்ட்ஃபாஸ்ட்டை ஒருமுறை கேளுங்கள். ஃபாக்கில் அதன் பூட் புரோகிராமான ஐபிக்ஸ்இ எழுந்து, கான்ஃபிகரேஷன் எதுவும் வெற்றிபெறவில்லை என்று நிற்பதும் பெரும்பாலும் இதே கதை.

802.1எக்ஸ் (அடையாளம் சரிபார்த்த பிறகே போர்ட்டைத் திறக்கும் முறை) போட்ட ஆபீஸ் என்றால் பாதை வேறு. ஃபர்ம்வேரிடமும் வெறும் வின்பிஇயிடமும் சர்டிஃபிகேட் கிடையாது. மேக் முகவரியை வைத்து அனுமதிக்கும் முறை இருந்தாலும், சிஸ்கோவின் இயல்பு அமைப்பில் சுவிட்ச் முதலில் 30 நொடி வீதம் மூன்று முறை கேட்டுப் பார்த்து, 90 நொடி கழித்துத்தான் அதற்கு வரும். அதற்குள் பூட் தோற்றிருக்கும். ஐடி அறையில் நாலு போர்ட்டை இமேஜிங்குக்கென்றே தனி விலானில் ஒதுக்கி வாங்குவது நல்லது. எல்லா போர்ட்டிலும் டைமரைக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

6. ஐபி வருகிறதா?

இ16-ஐப் பிரிக்க ஒயர்ஷார்க்தான் வழி. டிஹெச்சிபியின் லீஸ் (கொடுத்த ஐபிகள்) பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூட் விவரம் இல்லாத ஆஃபரை ஃபர்ம்வேர் ஏற்காமல் விட்டால் லீஸே பதிவாகாது. சுவிட்சில் அந்த போர்ட்டை ஒயர்ஷார்க் லேப்டாப்புக்கு மிரர் (நகல்) செய்து, யூடிபி 67, 68, 69, 4011 இந்த நான்கை மட்டும் வடிகட்டிப் பிடியுங்கள். டிஸ்கவர் (மெஷினின் கேள்வி) மட்டும் போய் ஒன்றும் திரும்பி வராவிட்டால் டிஹெச்சிபி பாதையில் கோளாறு. ஆஃபர் வந்திருந்தால் நேராகப் பகுதி 7-க்குப் போங்கள்.

ஆஃபர் வராததற்கு நான்கு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, ஸ்கோப் (கொடுப்பதற்கு ஒதுக்கிய ஐபிகள்) நிரம்பிவிட்டது. விண்டோஸ் டிஹெச்சிபியின் இயல்பு லீஸ் 8 நாள். அதோடு ஒரே மெஷின் பூட் நேரத்தில் ஓர் அடையாளத்தோடும் விண்டோஸில் வேறு அடையாளத்தோடும் கேட்பதால் இரண்டு முகவரிகளைப் பிடித்துக்கொள்ளலாம். நாற்பது சிஸ்டத்தை மொத்தமாக இமேஜ் செய்யும் வாரத்தில் ஸ்கோப் தீர்ந்துபோவது இப்படித்தான். இமேஜிங் விலானில் லீஸைச் சில மணி நேரமாகக் குறையுங்கள்.

இரண்டு, போர்ட் தவறான விலானில் இருக்கிறது. மூன்று, டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்ட சுவிட்சில், டிஹெச்சிபி சர்வரோ பூட் சர்வரோ இருக்கும் பக்கத்து போர்ட் நம்பகமானதாகக் குறிக்கப்படவில்லை. அப்போது சர்வரின் பதிலை சுவிட்சே கீழே போட்டுவிடும். பூட் சர்வரைப் புது ஹார்டுவேருக்கோ வேறு போர்ட்டுக்கோ மாற்றிய பின் திடீரென்று எங்குமே பூட் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

நான்காவது நம் பக்கத்தில் சாதாரணம்: யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, லேன் போர்ட்டில் ஆபீஸ் கேபிளைச் செருகிவிடுகிறார்கள். அதுவும் ஐபி கொடுக்க ஆரம்பித்துவிடும். உங்கள் நெட்வொர்க் 10-ல் தொடங்க, பூட் திரையில் 192.168.0 அல்லது 192.168.1 வரிசை முகவரி தெரிந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். அதே நெட்வொர்க்கில் ஒரு லேப்டாப்பில் கேட்வேயின் மேக் முகவரியை எடுத்து, சுவிட்சின் மேக் டேபிளில் எந்த போர்ட் என்று தேடிப் பிடியுங்கள். மெர்ச்சண்டைசிங் மேசைக்குக் கீழே இருக்கும்.

7. பூட் ஃபைலின் பெயர்: ஐபி ஹெல்பரும் ஆப்ஷன்களும்

ஐபி கிடைத்த பிறகு, எந்த சர்வரிடம் எந்த ஃபைலைக் கேட்பது என்று மெஷினுக்குத் தெரிய வேண்டும். இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். டிஹெச்சிபியில் ஆப்ஷன் 66, 67 எழுதி வைப்பது ஒன்று. மெஷினின் கேள்வியை பூட் சர்வருக்கும் அனுப்பி, அதையே பதில் சொல்லவைப்பது இன்னொன்று.

எஸ்சிசிஎம், டபிள்யூடிஎஸ் என்றால் இரண்டாவதையே செய்யுங்கள். மைக்ரோசாஃப்டின் பரிந்துரையும் அதுதான். ஆப்ஷன் 67-ல் ஒரே ஃபைல் பெயரைத்தான் எழுத முடியும். லெகசி மெஷினுக்கு ஒரு ஃபைல், யூஇஎஃப்ஐக்கு வேறு ஃபைல். மெஷின் தன் வகையை ஆப்ஷன் 93-ல் சொல்லித்தான் கேட்கிறது: 0 என்றால் லெகசி பயாஸ், 7 அல்லது 9 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. அதைப் படித்துப் பொருத்தமான ஃபைலைச் சொல்ல பூட் சர்வருக்குத் தெரியும். எழுதி வைத்த ஆப்ஷனுக்குத் தெரியாது. பழைய சிஸ்டம் எல்லாம் பூட் ஆகிறது, புதிதாக வாங்கியது மட்டும் ஆகவில்லை என்றால் ஸ்கோப்பில் யாரோ எப்போதோ எழுதிய 67 உட்கார்ந்திருக்கும். அழித்துவிடுங்கள். ஸ்கோப்பில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். சர்வர் அளவிலான ஆப்ஷன்களிலும் தேடுங்கள்.

கேள்வியை பூட் சர்வருக்கு அனுப்புவது ஐபி ஹெல்பரின் வேலை. கம்ப்யூட்டர்கள் இருக்கும் விலானின் இன்டர்ஃபேஸில் இரண்டு ஹெல்பர் முகவரிகள் வேண்டும்: ஒன்று டிஹெச்சிபி சர்வருக்கு, இன்னொன்று பூட் சர்வருக்கு. சர்வர் இருக்கும் விலானில் போட்டுவிட்டு "போட்டாச்சுங்க" என்பவர்கள் அதிகம். கேள்வி புறப்படுவது கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து. அங்கே இருந்தால்தான் பிடித்து அனுப்ப முடியும். எல்லாம் ஒரே விலானில் என்றால் ஹெல்பரே தேவையில்லை.

டிஹெச்சிபியும் டபிள்யூடிஎஸ்ஸும் ஒரே சர்வரில் இருந்தால் மட்டும் தனி விதி. இரண்டும் 67-ஆம் போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும். டபிள்யூடிஎஸ் பண்புகளில் டிஹெச்சிபி போர்ட்டில் கேட்காதே என்பதை டிக் செய்து, ஆப்ஷன் 60-ஐப் போட வேண்டும். அந்த 60 மெஷினிடம், "பூட் சர்வரும் நானே, 4011-ல் வா" என்று சொல்கிறது.

இ55 பிறப்பதும் இங்கேதான். டபிள்யூடிஎஸ்ஸைத் தனி சர்வருக்கு மாற்றுகிறார்கள். ஹெல்பரும் சரியாகப் போடுகிறார்கள். பழைய டிஹெச்சிபியில் ஆப்ஷன் 60 மட்டும் அப்படியே நிற்கிறது. மெஷின் அதை நம்பி பழைய சர்வரின் 4011-ல் போய்த் தட்டுகிறது, அங்கே ஆள் இல்லை. புது சர்வரில் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இது தீராது. 60-ஐ எடுத்தால் அந்த நிமிடமே தீரும்.

ஃபயர்வாலே டிஹெச்சிபி கொடுக்கும் சின்னக் கிளைகளில், பல ஃபயர்வால்களில் ஒரே இன்டர்ஃபேஸில் டிஹெச்சிபி சர்வராகவும் ரிலேயாகவும் (ஐபி ஹெல்பர் வேலை) இருக்க முடியாது. அதற்கான வழி பகுதி 12-ல் இருக்கிறது. ஃபாக் வைத்திருந்து, ரவுட்டரின் டிஹெச்சிபியை மாற்ற முடியாத இடத்தில் டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி டிஹெச்சிபியாக ஓட்டுங்கள். ஐபியை ரவுட்டர் கொடுக்கும், பூட் விவரத்தை இது சொல்லும்.

8. ஃபைல் இறங்காமல் நின்றால்

டிஎஃப்டிபி (பூட் ஃபைலை இறக்கும் முறை) கேட்பது 69-ஆம் போர்ட்டில். ஆனால் தரவு வருவது சர்வர் புதிதாகத் திறக்கும் வேறொரு போர்ட்டிலிருந்து. டபிள்யூடிஎஸ்ஸின் இயல்பு வரம்பு 64001 முதல் 65000 வரை. இரண்டு விலான்களுக்கு நடுவில் ஃபயர்வால் இருந்து, 69-ஐ மட்டும் திறந்திருந்தால் இ32 அல்லது இ18 வரும். அந்த வரம்பையும் திறக்கச் சொல்லுங்கள், அல்லது ஃபயர்வாலில் டிஎஃப்டிபிக்கான ஹெல்பரை இயக்கச் சொல்லுங்கள்.

உள்ளூரில் இறங்குகிறது, விபிஎன் வழியாக மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் பிளாக் அளவைப் பாருங்கள். ஈதர்நெட்டின் எம்டியூ (ஒரு பாக்கெட்டில் கொள்ளும் அளவு) 1500 பைட். டிஎஃப்டிபி பிளாக் 1456 பைட்டைத் தாண்டினால் பாக்கெட் துண்டாகும் வாய்ப்பு அதிகம். துண்டுகளில் ஒன்றை ஃபயர்வால் தடுத்தாலும் முழு பிளாக்கும் போச்சு. விபிஎன் உறைக்குள் 1456-ம் கொள்ளாமல் போகலாம், அப்போது இன்னும் குறைக்க வேண்டும். ஆனால் பிளாக்கைக் குறைத்தால் வேகமும் குறையும்: ஒவ்வொரு பிளாக்குக்கும் மெஷின் "வந்தது" என்று சொன்ன பிறகுதான் அடுத்தது புறப்படும், தூரம் கூடினால் அந்தப் போக்குவரத்து நேரமே மலையாகிவிடும். விண்டோ அளவை 1-லிருந்து 4 அல்லது 8 ஆக்கினால் ஒரு பதிலுக்குப் பல பிளாக்குகள் போகும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

டபிள்யூடிஎஸ்ஸில் 0எக்ஸ்சி0000001 என்ற நீலத் திரை வந்தால், சர்வர் பண்புகளின் டிஎஃப்டிபி தாவலில் வேரியபிள் விண்டோ எக்ஸ்டென்ஷன் டிக்கை எடுத்துவிட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ரீஸ்டார்ட்டுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் இது.

இ23 வந்தால், பூட் இமேஜ் டிஸ்ட்ரிப்யூஷன் பாயிண்ட்டுக்குப் (இமேஜ்களை வைத்துக் கொடுக்கும் மெஷின்) போய்ச் சேர்ந்ததா, பிஎக்ஸ்இக்கு அனுமதிக்கும் டிக் அந்த இமேஜில் இருக்கிறதா என்று பாருங்கள்.

9. செக்யூர் பூட் மறுத்தால்

ஃபைல் இறங்கியதும் செக்யூர் பூட் மீறல் என்று வந்தால், பூட் மேனேஜரின் கையெழுத்தை ஃபர்ம்வேர் ஏற்கவில்லை. ஃபாக்கின் வழக்கமான ஐபிக்ஸ்இ ஃபைல்களில் ஏற்கும் கையெழுத்து இல்லாததால் செக்யூர் பூட்டை அணைத்துத்தான் வேலை செய்கிறார்கள்.

விண்டோஸ் பூட் மேனேஜரிலேயே இது வந்தால் காரணம் வேறு. பிளாக்லோட்டஸ் என்ற மால்வேர் தாக்குதலுக்குப் பிறகு (சிவிஇ-2023-24932) மைக்ரோசாஃப்ட் 2011 சர்டிஃபிகேட்டிலிருந்து 2023 சர்டிஃபிகேட்டுக்கு மாறிவருகிறது. ஒரு மெஷினில் பழைய சர்டிஃபிகேட் ரத்து செய்யப்பட்டிருந்தால், பழைய பூட் மேனேஜர் உள்ள பூட் இமேஜை அது ஏற்காது. புது மெஷின் பூட் ஆகி, நன்றாக அப்டேட் செய்து வைத்த மெஷின் மட்டும் மறுக்கும் விசித்திரம் இப்படித்தான் வருகிறது. செக்யூர் பூட்டை அணைத்து ஓட்டுவதை வழக்கமாக்காமல் பூட் இமேஜைப் புதுப்பியுங்கள்.

10. வின்பிஇ எழுந்த பிறகு

வால்பேப்பர் வருகிறது, சில நொடியில் மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகிறது. எஃப்8 அழுத்தினால் கமாண்ட் விண்டோ திறக்கும். அது திறந்திருக்கும்வரை ரீஸ்டார்ட்டும் ஆகாது. பூட் இமேஜின் பண்புகளில் கமாண்ட் சப்போர்ட்டை முன்பே இயக்கியிருந்தால்தான் எஃப்8 வேலை செய்யும். சோதனைக்கான இமேஜில் இது கண்டிப்பாக இருக்கட்டும்.

ஐபிகான்ஃபிக் கொடுங்கள். கார்டே பட்டியலில் இல்லை என்றால் டிரைவர் இல்லை. கார்டு இருந்து 169.254 முகவரி தெரிந்தால் டிரைவர் இருக்கிறது, டிஹெச்சிபி வரவில்லை. பகுதி 5-க்குத் திரும்புங்கள். "ஃபர்ம்வேரில் லேன் வேலை செய்ததே, இங்கே ஏன் டிரைவர்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஃபர்ம்வேர் தன் சொந்த டிரைவரில் ஓடியது. வின்பிஇ வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதற்குத் தன் டிரைவர் வேண்டும்.

அதே மாடலில் விண்டோஸ் ஓடும் இன்னொரு மெஷினின் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியை எடுங்கள். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். டிரைவரின் ஐஎன்எஃப் ஃபைலுக்குள் அந்த ஐடி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிறகு பென்டிரைவில் போட்டு, வின்பிஇயில் டிஆர்விலோடு கமாண்டால் ஏற்றுங்கள். ஐபி வந்தால் அதே டிரைவரை மட்டும் பூட் இமேஜில் சேர்த்து, டிஸ்ட்ரிப்யூஷன் பாயிண்ட்டை அப்டேட் செய்யுங்கள். தயாரிப்பாளரின் முழு டிரைவர் மூட்டையையும் அவிழ்த்துப் போடுவது தப்பு: இமேஜ் பருக்கும், இறங்கும் நேரம் கூடும், வீடியோ டிரைவரால் வின்பிஇக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்து டிஸ்க்பார்ட்டில் டிஸ்க் பட்டியலைக் கேளுங்கள். டிஸ்க் தெரியாவிட்டால், இன்டெல் விஎம்டி (டிஸ்க்கைக் கையாளும் கன்ட்ரோலர்) இயங்கும் லேப்டாப்களில் ஸ்டோரேஜ் டிரைவர் விடுபட்டிருக்கும்.

தேதியையும் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் சிஆர்2032 பாட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால் சர்டிஃபிகேட் சரிபார்ப்பு தோற்று, பாலிசி வராமல் 0எக்ஸ்80004005 வரும். தேதியைத் திருத்தி வேலையை முடிக்கலாம். ஆனால் பாட்டரியை மாற்றாமல் மெஷினை மேசைக்கு அனுப்பாதீர்கள்.

11. எல்லாம் சரி, ஆனால் டாஸ்க் சீக்வென்ஸ் வரவில்லை

டாஸ்க் சீக்வென்ஸ் என்பது இமேஜ் செய்யும் படிகளின் பட்டியல். இனி திரையை விட்டுவிட்டு லாக்கைப் பாருங்கள். சர்வரில் எஸ்எம்எஸ்பிஎக்ஸ்இ.லாக். மெஷினில் எஸ்எம்எஸ்டிஎஸ்.லாக், டிஸ்க் ஃபார்மேட் ஆகும் முன் அது எக்ஸ் டிரைவில் விண்டோஸ், டெம்ப் ஃபோல்டருக்குள் எஸ்எம்எஸ்டிஎஸ்லாக் என்ற ஃபோல்டரில் இருக்கும். எக்ஸ் டிரைவ் ரேமில்தான் இருக்கிறது. ரீஸ்டார்ட் ஆனால் லாக்கும் போய்விடும், முதலில் பென்டிரைவுக்கு நகலெடுங்கள்.

சர்வர் லாக்கில் மேக் முகவரியைத் தேடுங்கள். அது இல்லவே இல்லை என்றால் கேள்வி சர்வருக்கு வந்து சேரவில்லை, பகுதி 7. இருந்து, டேட்டாபேஸில் இல்லை என்று சொன்னால் அன்நோன் கம்ப்யூட்டர் சப்போர்ட் (பதிவில்லாத மெஷினையும் ஏற்பது) இயங்குகிறதா, அந்தக் கலெக்ஷனுக்கு (மெஷின்களின் குழு) டாஸ்க் சீக்வென்ஸ் டெப்ளாய் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அன்நோன் முறையில் பாதியில் தோற்ற மெஷின் இரண்டாம் முறை வராமல் போவது வழக்கம். முதல் முயற்சியிலேயே "அன்நோன்" என்ற பெயரில் ஒரு ரெக்கார்டு உருவாகிவிட்டது. இனி அது தெரியாத மெஷின் கிடையாது. மேக் முகவரியால் தேடி அந்த ரெக்கார்டை அழியுங்கள். ரிக்வயர்டு (கட்டாயமாகத் தானே ஓடும்) டெப்ளாய்மென்ட் ஒருமுறை ஓடிய மெஷினுக்கு மறுபடி வராவிட்டால், கன்சோலில் ரிக்வயர்டு பிஎக்ஸ்இ டெப்ளாய்மென்ட்டை க்ளியர் செய்யுங்கள்.

ஒரே யூஎஸ்பி அடாப்டரை வைத்துப் பத்து லேப்டாப்பை இமேஜ் செய்தால் பத்துக்கும் ஒரே மேக். இரண்டாவது லேப்டாப் வந்ததும் சர்வர் அதை முதலாவது என்று எண்ணிக்கொள்ளும். ஹயரார்க்கி செட்டிங்ஸில் டூப்ளிகேட் ஹார்டுவேர் அடையாளப் பட்டியலில் அந்த அடாப்டரின் மேக் முகவரியைச் சேர்த்துவிட்டால், சர்வர் அதை விட்டுவிட்டு எஸ்எம்பயாஸ் ஐடியைப் (மெஷினின் தனி அடையாளம்) பார்க்கும். டாக்கிங் ஸ்டேஷனுக்கும் இதே மருந்து.

இன்னொரு பொறி: டிரைவர் சேர்த்த புது பூட் இமேஜை டாஸ்க் சீக்வென்ஸில் மாட்டிய பிறகும் பழைய இமேஜே இறங்கலாம். மெஷினுக்குப் பல டெப்ளாய்மென்ட்கள் இருந்தால், கடைசியாக டெப்ளாய் செய்த டாஸ்க் சீக்வென்ஸின் பூட் இமேஜ்தான் முதலில் வரும். சக ஊழியர் நேற்று சோதனைக்குப் போட்ட டெப்ளாய்மென்ட் இன்று உங்கள் வேலையைக் கெடுக்கும்.

12. கிளை அலுவலகங்கள்

கோவை தலைமை அலுவலகத்திலிருந்து கரூருக்கோ திருச்செங்கோட்டுக்கோ விபிஎன் வழியாக பூட் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹெல்பர், ஃபயர்வால், பிளாக் அளவு மூன்றும் சேர்ந்து படுத்தும். கிளையிலேயே எப்போதும் ஓடும் ஒரு விண்டோஸ் 10 அல்லது 11 டெஸ்க்டாப்பை டிஸ்ட்ரிப்யூஷன் பாயிண்ட் ஆக்குங்கள். கான்ஃபிகரேஷன் மேனேஜர் 1806 பதிப்பிலிருந்து டபிள்யூடிஎஸ் இல்லாமலே பிஎக்ஸ்இ ரெஸ்பாண்டரை இயக்க முடியும் என்பதால் சர்வர் லைசென்ஸ் வேண்டியதில்லை. அதே விலானில் இருப்பதால் ஹெல்பரும் வேண்டாம். ஐபியை ஃபயர்வாலே கொடுத்துக்கொள்ளட்டும். அந்த டெஸ்க்டாப்பில் ஸ்லீப்பை அணைத்து, யூபிஎஸ்ஸில் இணைத்து, "ஆஃப் செய்யாதீங்க" என்று ஒரு தாளும் ஒட்டிவிடுங்கள்.

13. சரியான பிறகு

சோதனைக்காகத் திறந்ததை எல்லாம் மூட வேண்டும்: போர்ட் மிரர், ஸ்னூப்பிங் விலக்கு, தற்காலிக ஃபயர்வால் விதி. பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்க்கை மேலே ஏற்றுங்கள். நெட்வொர்க் மேலேயே இருந்து, ரிக்வயர்டு டெப்ளாய்மென்ட்டும் நின்றுகொண்டிருந்தால், கரண்ட் போய் வரும் காலையில் அக்கவுண்ட்ஸ் மெஷின் தன்னைத் தானே மறுபடி இமேஜ் செய்துகொள்ளும் அபாயம் உண்டு. எஃப்8 சப்போர்ட்டைப் பொது இமேஜில் அணையுங்கள். அதன் வழியே யார் வேண்டுமானாலும் முழு அதிகாரத்தோடு உள்ளே போகலாம்.

செக்யூர் பூட்டை அணைத்து இமேஜ் செய்திருந்தால், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் என்க்ரிப்ஷன்) போடுவதற்கு முன் மறுபடி இயக்குங்கள். பிட்லாக்கர் போட்ட பிறகு அதை மாற்றினால், அடுத்த பூட்டில் மெஷின் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்டு நிற்கும்.